உபுண்டு கணினியில் டொஸ்பொக்ஸ்: தராசு, அச்சுப்பொறி, ஏ டிரைவ் ஆகியவற்றை இணைப்பது எப்படி?

பரந்தன்_ஆலைக்கணக்கு எழுதியது:

கணினி அறிந்த அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தனுக்கு அண்மையிலுள்ள ஒரு நெல் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆலை முற்றத்தில் லொறிகளையும் உழவு இயந்திரப் பெட்டிகளையும் நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று உள்ளது. மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் அதைக் கொழும்பிலிருந்து பழைய பொருளாக வாங்கியபோது, அதனுடன் சேர்ந்து இயங்கும் டொஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) காலத்து மென்பொருளும் ஒரு பழைய கணினியும் வந்தன. லொறி நெல்லுடன் ஏறும்போது ஒரு நிறுவை, வெறுமையாகத் திரும்பும்போது இன்னொரு நிறுவை. இரண்டின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு விவசாயியின் பெயருக்குச் சீட்டு அச்சிட்டுக் கொடுப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. எளிய மென்பொருள்தான், ஆனால் இத்தனை போகங்களின் கணக்கு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இப்போது அந்தக் கணினியின் தாய்ப்பலகை செயலிழந்துவிட்டது. வன்தட்டு நல்ல நிலையில் இருந்ததால் மென்பொருளின் அடைவு முழுவதையும் பிரதி எடுத்துவிட்டோம். அலுவலகத்தில் இப்போது இருப்பது லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04 நிறுவப்பட்ட ஒரு வேர்க்ஸ்டேஷன். விண்டோஸ் போடலாமா என்று கேட்டபோது, 64 பிட் விண்டோஸில் 16 பிட் டொஸ் நிரல்கள் எப்படியும் இயங்கமாட்டா என்று சொன்னார்கள். எனவே டொஸ் கணினியைப் போல நடித்துப் பழைய நிரல்களை ஓட்டும் டொஸ்பொக்ஸை உபுண்டுவிலேயே நிறுவினேன். மென்பொருள் திறக்கிறது, பழைய கணக்குகள் தெரிகின்றன, விசைப்பலகையும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் வெளியே இருக்கும் எந்தக் கருவியும் அதற்குத் தெரியவில்லை.

முதலாவது, தராசு. தராசின் காட்டியிலிருந்து வரும் 9 முள் சீரியல் கம்பியைச் செருகப் புதிய கணினியில் இடம் இல்லாததால், யு.எஸ்.பி.க்கு மாற்றும் வயர் ஒன்றை வாங்கி இணைத்தேன். மென்பொருள் 'கொம்1' என்ற சீரியல் துறையைத்தான் (கம்பி இணையும் வாய்) தேடுகிறது. நிறை காட்ட வேண்டிய இடத்தில் கோடுகள் மட்டுமே வருகின்றன. இரண்டாவது, சீட்டு அச்சிடும் எப்சன் எல்எக்ஸ்-310 புள்ளி அச்சுப்பொறி. உபுண்டுவிலிருந்து அச்சிட்டால் எழுதுகிறது, டொஸ்பொக்ஸின் உள்ளிருந்து 'எல்பிடி1' என்ற இணைத் துறை (அச்சுப்பொறித் துறை) வழியே அனுப்பினால் எதுவும் வருவதில்லை. மூன்றாவது, நாள் முடிவில் கணக்கைப் பிரதி எடுக்கும் பகுதி ஏ டிரைவில் நெகிழ்தட்டைக் கேட்கிறது. வேறு இடத்தைத் தெரிவுசெய்ய அது விடுவதில்லை.

காலபோக அறுவடை நெருங்குகிறது. நெல் வரத் தொடங்கிவிட்டால் லொறிகளை வரிசையில் நிறுத்திவிட்டுக் கட்டமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

வவுனியா_மாஸ்ரர் எழுதியது:

வணக்கம் பிள்ளை. மூன்று பிரச்சினைகளையும் ஒன்றாக எடுக்காமல், தராசில் தொடங்குவோம்.

டொஸ்பொக்ஸுக்குள் தெரியும் 'கொம்1' என்பது மென்பொருளால் செய்யப்பட்ட போலித் துறை. பழைய கணினியில் 3எஃப்8 என்ற முகவரியிலும் 4ஆம் இடையீட்டுக் கோட்டிலும் (கருவி செயலியை அழைக்கும் வழி) இருந்த சில்லைப் போல அது நடிக்கிறது. நிரலுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தப் போலித் துறைக்குப் பின்னால் எந்த உண்மையான கருவி இருக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே இங்கே இரண்டு இணைப்புகள் உள்ளன: வயருக்கு லினக்ஸ் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது ஒன்று; அந்தப் பெயரை டொஸ்பொக்ஸ் எந்தக் 'கொம்' எண்ணுடன் பொருத்துகிறது என்பது மற்றொன்று. பெரும்பாலானோர் இரண்டாவதை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறோ, என் அனுபவத்தில், அநேகமாக முதலாவதில்தான் இருக்கும்.

எனவே டொஸ்பொக்ஸை இப்போதைக்கு மூடிவிடுங்கள். யு.எஸ்.பி. வயரைக் கழற்றி மீண்டும் செருகிவிட்டு, கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) செய்திகளைக் காட்டும் 'டிமெசெஜ்' கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். 'டிடிவையுஎஸ்பி0' என்று ஒரு பெயர் கிடைத்திருக்க வேண்டும். அடுத்து, உங்கள் பயனர் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் துறையைத் திறக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. குழுவில் சேர்த்த பின்னர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அதன் பின்னர், சீரியல் துறையில் வருவதை அப்படியே திரையில் காட்டும் மினிகொம் நிரலில் அந்தத் துறையைத் திறந்து, தராசுக் காட்டியின் கையேட்டிலோ அமைப்புப் பட்டியலிலோ உள்ள அதே வேகத்தையும், பிழையறியச் சேர்க்கும் சமநிலை பிட்டையும் கொடுங்கள். தொழிற்சாலைத் தராசுகளில் 9600, 2400, 1200 ஆகிய வேகங்கள் வழக்கமானவை. 8 தரவு பிட்டும் சமநிலை இல்லாமையும் ஒரு வழக்கம், 7 தரவு பிட்டும் இரட்டைச் சமநிலையும் இன்னொரு வழக்கம். திரையில் நிறை எண்கள் ஓடினால் வயர், உரிமை, வேகம் எல்லாம் சரி என்று பொருள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் அல்லது பிட் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் டொஸ்பொக்ஸைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

இன்னொன்று. சில இடங்களில் மூன்று கம்பி மட்டுமுள்ள வயருக்கு 7ஆம் 8ஆம் முட்களையும், 4ஆம் 6ஆம் முட்களையும் ஒன்றோடொன்று இணைக்கும்படி சொல்வார்கள். 'அனுப்பலாமா' என்று கேட்டுப் பதில் பெறும் கைகுலுக்கல் கோடுகளை எதிர்பார்க்கும் நிரல்களுக்கு அது தேவைதான். ஆனால் உங்கள் சீரியல் கம்பி பழைய கணினியில் இதே மென்பொருளுடன் வேலை செய்த கம்பி. அதை வெட்டவோ ஒட்டவோ விடாதீர்கள்.

பரந்தன்_ஆலைக்கணக்கு எழுதியது:

மிக்க நன்றி மாஸ்ரர். 'டயல்அவுட்' குழுவில் நான் இருக்கவில்லை. சேர்த்துவிட்டு மீண்டும் உள்நுழைந்தேன். வயரைச் செருகியதும் 'டிடிவையுஎஸ்பி0' இணைக்கப்பட்டது என்று ஒரு வரி வருகிறது. உடனேயே அடுத்தடுத்த வரிகளில் அது துண்டிக்கப்பட்டது என்றும் வருகிறது. மினிகொம்மைத் திறந்தால் அப்படியொரு துறையே இல்லை என்கிறது. வேறு யு.எஸ்.பி. துளைகளிலும் செருகிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இதுவே நடக்கிறது. வயர் பழுதாக இருக்குமோ? வாங்கிய கடையில் அதை விண்டோஸ் மடிக்கணினியில் இணைத்துக் காட்டினார்கள். அங்கே வேலை செய்தது. இணைத்த யு.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.யு.எஸ்.பி. கட்டளையில் அதன் எண் 1ஏ86, 7523 என்று காட்டுகிறது.

ஒட்டுசுட்டான்_லினக்ஸ் எழுதியது:

அக்கா, வயரில் பழுது இல்லை. அதை மாற்றிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

1ஏ86, 7523 என்ற எண்கள் சிஎச்340 என்னும் சில்லுக்கு உரியவை. நம் ஊர்க் கடைகளில் விலை குறைந்து கிடைக்கும் மாற்று வயர்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். உபுண்டு 22.04இல் பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்டிகளுக்கான 'பிஆர்எல்டிடிவை' என்ற சேவை உடன் வருகிறது. சில பிரெயில் காட்டிகளுக்குள்ளும் இதே சில்லு இருப்பதால், அந்த எண்ணுள்ள எந்தக் கருவியைச் செருகினாலும் அது பிரெயில் காட்டியாக இருக்கலாம் என்று கருதி இந்தச் சேவை பிடித்துக்கொள்கிறது. கேர்னல் கொடுத்த சீரியல் துறை அந்த நொடியே போய்விடுகிறது. 'டிமெசெஜ்' வரிகளை மீண்டும் பார்த்தால், துண்டிப்புக்குச் சற்று முன்னர் இந்தச் சேவையின் பெயர் தென்படும்.

உங்கள் அலுவலகத்தில் பிரெயில் காட்டி பயன்படுத்துபவர் எவரும் இல்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிடுவதே எளிய வழி. எவராவது இருந்தால் நீக்கவே கூடாது. கருவி செருகப்படும்போது செய்ய வேண்டியதைச் சொல்லும் யூடெவ் விதிகளில் அதற்குரிய கோப்பை 'ஈடிசி' அடைவின் கீழுள்ள விதிகள் அடைவுக்கு அதே பெயரில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் 1ஏ86, 7523 எண்கள் உள்ள வரியை மட்டும் குறிப்பாக்கி முடக்கிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் 'ஈடிசி'யில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை.

மோடம்மேனேஜர் என்ற சேவையையும் கவனியுங்கள். அது புதிதாக வந்த சீரியல் துறைகளில் மோடம் இருக்கிறதா என்று அறியச் சில எழுத்துகளை அனுப்பிப் பார்க்கும் பழக்கமுடையது. டொங்கிளில் இணையம் எடுக்காத கணினி என்றால் அதையும் நிறுத்திவிடலாம்.

வவுனியா_மாஸ்ரர் எழுதியது:

தம்பி சொன்னது சரியான இடம். அதைத் திருத்தியதும் மினிகொம்மில் எண்கள் வரும் என்று நம்புகிறேன். வந்த பின்னர் செய்ய வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

'டிடிவையுஎஸ்பி0' என்ற பெயரை டொஸ்பொக்ஸ் கோப்பில் நேரடியாக எழுதிவிட வேண்டாம். அந்தப் பெயரின் முடிவிலுள்ள எண், கருவிகள் கண்டுபிடிக்கப்படும் ஒழுங்கைப் பொறுத்தது. இன்று ஒரே ஒரு வயர் இருக்கிறது. நாளை ஈரப்பதமானிக்கு இன்னொன்று வாங்குவீர்கள். மின்சாரம் போய் வரும்போது, அல்லது தராசுத் துறை திறந்திருக்கையில் வயர் அசைந்து கழன்று மீண்டும் பொருந்தும்போது, 0 என்றிருந்தது 1 ஆகிவிடும். நிரல் அப்போதும் 0இல் காத்துக்கொண்டிருக்கும். நமது பகுதியில் மாரி தொடங்கினால் மின்சாரம் எத்தனை முறை போய் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கருவிக்கு அதன் அடையாளத்தைக் கொண்டே நிலையான பெயர் சூட்டுங்கள். யூடெவ் விதிகள் அடைவில் புதிய கோப்பொன்றை உருவாக்கி ஒரே வரியில் நான்கு விடயங்களை எழுத வேண்டும்: துணைத்தொகுதி 'டிடிவை' ஆக இருக்க வேண்டும், தயாரிப்பாளர் எண் 1ஏ86 ஆக இருக்க வேண்டும், பொருள் எண் 7523 ஆக இருக்க வேண்டும், இம்மூன்றும் பொருந்தினால் 'தராசு' என்ற பெயரை, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், மாற்றுப் பெயராக, அதாவது குறியீட்டு இணைப்பாகச் சேர்க்க வேண்டும். பொருந்துகிறதா என்று ஒப்பிடும் மூன்று இடங்களிலும் சமக்குறி இரண்டு. பெயரைச் சேர்க்கும் இடத்தில் கூட்டல் குறியும் ஒரு சமக்குறியும். வயரைக் கழற்றிச் செருகினால் கருவிகளின் பெயர்கள் இருக்கும் 'டெவ்' அடைவில் அந்தப் பெயர் தோன்றும், அது எந்த எண்ணைச் சுட்டினாலும் நமக்குக் கவலையில்லை.

சிஎச்340 வயர்களில் பொதுவாகத் தனித்த தொடர் இலக்கம் இருப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஒரே வகை வயர் இரண்டு இருந்தால் இந்த விதி இரண்டையும் 'தராசு' என்றே அழைக்கும். அப்போது எந்த யு.எஸ்.பி. துளை என்பதையும் விதியில் சேர்த்து, அந்தத் துளையருகே ஒரு சீட்டை ஒட்டிவிட வேண்டும். எஃப்டிடிஐ சில்லுள்ள வயர்கள் விலை கூடியவை. அவற்றில் பெரும்பாலும் தொடர் இலக்கம் இருப்பதால் இந்தச் சிக்கல் வருவதில்லை.

இனி டொஸ்பொக்ஸ். உங்கள் வீட்டு அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைந்த அடைவுக்குள் அதன் கட்டமைப்புக் கோப்பு இருக்கும். அதில் 'சீரியல்' என்ற பகுதியில் 'சீரியல்1' வரியில் இப்போது 'டம்மி' என்று இருக்கும். ஒன்றுடனும் இணைக்கப்படாத வெறும் துறை என்பதே அதன் பொருள். அதை 'டைரக்ட்சீரியல்' என்று மாற்றி, ஓர் இடைவெளி விட்டு, 'ரியல்போர்ட்' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி இல்லாமல் நீங்கள் சூட்டிய பெயரை எழுதுங்கள். முன்னால் 'டெவ்' என்று சேர்க்க வேண்டாம். அதை டொஸ்பொக்ஸ் தானே சேர்த்துக்கொள்ளும். வேகத்தையும் இங்கே எழுத வேண்டியதில்லை, உள்ளேயிருக்கும் நிரல் கேட்கும் வேகமே உண்மையான துறைக்கும் கொடுக்கப்படும். மினிகொம்மை மூடிய பின்னர், டொஸ்பொக்ஸைப் பட்டியலிலிருந்து அல்லாமல் முனையத்திலிருந்து தொடங்குங்கள். துறையைத் திறக்க முடிந்ததா, முடியாவிட்டால் எந்தப் பெயரில் தடங்கல் என்று முனையத்தில் எழுதிக் காட்டும்.

பரந்தன்_ஆலைக்கணக்கு எழுதியது:

பிரெயில் சேவையை நீக்கியதும் மினிகொம்மில் நிறை எண்கள் ஓடத் தொடங்கின. தம்பிக்கு நன்றி. பெயரும் சூட்டிவிட்டேன், மென்பொருளிலும் நிறை வருகிறது.

ஆனால் அது தாமதித்து வருகிறது. லொறி மேடையில் ஏறி நின்று, தராசின் காட்டியில் எண் அசையாமல் நின்ற பின்னரும், கணினித் திரையில் எண் சிறிது நேரம் ஏறிக்கொண்டேயிருக்கிறது. லொறி இறங்கிய பின்னர் திரையில் இன்னும் பழைய நிறையே நிற்கிறது. பழைய கணினியில் காட்டியும் திரையும் ஒன்றாகவே மாறும். சாரதி இறங்கி வந்து திரையைப் பார்த்துவிட்டு "காட்டியிலே ஒண்டு, இங்கே ஒண்டோ?" என்று கேட்டால் ஆலையின் பெயர் கெட்டுவிடும். இதற்கு என்ன செய்யலாம்? அச்சுப்பொறியைப் பற்றியும் எவராவது சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான்_லினக்ஸ் எழுதியது:

அக்கா, இது திருத்தாமல் பயன்படுத்தக் கூடாத விடயம். இடைப்பட்ட நிறையுடன் ஒருவர் சீட்டை அச்சிட்டுவிட்டால் ஒன்றில் விவசாயிக்கு நட்டம், அல்லது ஆலைக்கு நட்டம்.

உங்கள் காட்டி கேட்காமலே தொடர்ந்து எண்களை அனுப்பும் முறையில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். பழைய கணினியில் இருந்த சீரியல் சில்லில் மிகச் சில எழுத்துகளைத்தான் வைத்திருக்க முடியும். நிரல் வாசிக்கப் பிந்தினால் மிகுதி அங்கேயே தொலைந்துபோகும். அந்தக் குறைபாடே ஒரு வகையில் உதவியாக இருந்தது. நிரல் எப்போது வாசித்தாலும் அண்மைய எண்ணே கிடைத்தது. இப்போது வயருக்கும் டொஸ்பொக்ஸுக்கும் நடுவில் லினக்ஸின் இடைத்தேக்கம் இருக்கிறது. அதில் 4096 எழுத்துகள் வரை சேரும். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் வரலாம் என்பதால், நிரல் வேகம் குறைந்து வாசித்தால், நான்கு நொடிக்கு மேற்பட்ட பழைய எண்கள் வரிசையில் காத்திருக்கும். எதுவும் தொலையாது, அதுதான் பிரச்சினை. தலைக்குளம் நிறைந்திருக்கையில் மதகை அரைவாசி திறந்துவைத்தால் நேற்றுப் பெய்த மழை இன்று வயலுக்கு வருவது போலத்தான்.

நிரல் ஏன் மெதுவாக வாசிக்கிறது? கட்டமைப்புக் கோப்பில் 'சிபியு' பகுதியில் 'சைக்கிள்ஸ்' (போலிச் செயலியின் வேகம்) என்ற வரி 'ஆட்டோ' என்று இருக்கும். அப்படி இருந்தால் இத்தகைய பழைய நிரல்களை டொஸ்பொக்ஸ் 3000 என்ற எண்ணிக்கையில் ஓட்டும். பழைய விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடாமல் இருக்க வைத்த அளவு அது. தராசுக் கணக்குக்குப் போதாது. அதை 'ஃபிக்ஸ்ட் 20000' என்று மாற்றிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் கூட்டலாம். 'மாக்ஸ்' என்று வைத்தால் கணினியின் ஒரு கருவகம் நாள் முழுக்க முழு வேகத்தில் சூடாகிக்கொண்டிருக்கும், வேண்டாம்.

அதன் பின்னரும் தாமதம் இருந்தால் தராசுக் காட்டியின் அமைப்புப் பட்டியலில் தேடுங்கள். எண் நிலைபெற்ற பின்னர் மட்டும் அனுப்பும் முறையோ, கணினி கேட்டால் மட்டும் அனுப்பும் முறையோ பல காட்டிகளில் உண்டு. ஆனால் நிரல் தொடர் எண்களை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தால் இரண்டாவது முறை ஒத்துவராது. முத்திரையிட்ட அளவுத் திருத்தப் பகுதிக்குள் மட்டும் கைவைக்காதீர்கள். தொடர்பு அமைப்புகள் அதற்கு வெளியே தனியாக இருக்கும்.

மல்லாவி_அச்சகம் எழுதியது:

அச்சுப்பொறியைப் பற்றி எவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். சகோதரி, மூல டொஸ்பொக்ஸில் 'எல்பிடி' துறையே கிடையாது. அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அச்சிடுதலை அதன் ஆக்குநர்கள் கருத்திற்கொள்ளவில்லை. எனவே அந்தக் கோப்பில் எதை எழுதினாலும் சீட்டு வராது. அதிலிருந்து கிளைத்த டொஸ்பொக்ஸ்-எக்ஸ் என்னும் பதிப்பை நிறுவுங்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதிய சீரியல் வரி அதிலும் செல்லுபடியாகும். அதனுடன் 'பரலல்' என்ற பகுதி அதில் கூடுதலாக இருக்கிறது.

'பரலல்1' வரியில் மூன்று தெரிவுகள் பயனுள்ளவை. 'ரியல்எல்பிடி' என்பது தாய்ப்பலகையிலோ அட்டையிலோ உண்மையான இணைத் துறை இருப்பவர்களுக்கு. 'பிரின்டர்' என்பது அச்சுப்பொறியையே போலியாக ஆக்கி, பக்கத்தைப் படமாக உருவாக்குவது. லேசர் அச்சுப்பொறி வைத்திருப்பவர்களுக்கு அது நல்லது. உங்களுக்கு வேண்டியது 'ஃபைல்'. நிரல் அனுப்பும் பைட்டுகளை ஒன்றும் மாற்றாமல் அப்படியே ஒரு கோப்புக்கோ கருவிக்கோ அது கொடுக்கும். உங்கள் எப்சன் புள்ளி அச்சுப்பொறிக்கு அந்தப் பைட்டுகளின் மொழி நேரடியாகப் புரியும். தடித்த எழுத்து, நெருக்க எழுத்து, சீட்டு நீளம் எல்லாம் முன்னர் வந்தபடியே வரும்.

யு.எஸ்.பி.யில் இணைத்த அச்சுப்பொறி 'டெவ்' அடைவின் கீழ் 'யுஎஸ்பி' என்ற உள்ளடைவில் 'எல்பி0' என்று தெரியும். 'ஃபைல்' என்பதற்குப் பின்னர் 'டெவ்' என்று எழுதி முக்காற்புள்ளி இட்டு அந்த முழுப் பாதையையும் எழுதுங்கள். இங்கே சீரியல் வரியைப் போலப் பாதையைச் சுருக்கக் கூடாது. உங்கள் பயனர் கணக்கை 'எல்பி' குழுவிலும் சேர்க்க வேண்டும். பக்கம் தள்ளும் கட்டளையை நிரல் அனுப்பாவிட்டால் 'அட்எஃப்எஃப்' என்பதைச் சேர்க்கலாம். தொடர்தாளில் கிழிக்கும் இடம் ஒவ்வொரு சீட்டுக்கும் நகர்ந்துகொண்டே போனால் அதை எடுத்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உபுண்டுவின் அச்சிடும் சேவையான கப்ஸிலும் இதே அச்சுப்பொறியைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கப்ஸ் அச்சிடும்போது அந்தக் கருவியைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். 'எல்பி0' அவ்வேளை மறைந்துவிடும். இருவருக்கும் ஒரே அச்சுப்பொறி என்றால், டொஸ்பொக்ஸ்-எக்ஸ் ஒரு கோப்பில் எழுதட்டும். அந்தக் கோப்பை மூலநிலையில் கப்ஸுக்கு அனுப்பும் சிறு நிரல் ஒன்றைப் பின்னணியில் ஓடவிடுங்கள். ஆனால் சீட்டுக்கென்றே ஒதுக்கிய அச்சுப்பொறி என்றால் கப்ஸிலிருந்து அதை நீக்கிவிடுவதே என் ஆலோசனை. எனது அச்சகத்தில் பழைய விலைப்பட்டியல் நிரலுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஏ டிரைவ் விடயம் எளிது. கட்டமைப்புக் கோப்பில், தொடக்கத்தில் தானாக ஓடும் கட்டளைகளுக்கான 'ஆட்டோஎக்செக்' பகுதியில் சி டிரைவை மவுண்ட் செய்யும் வரிக்குக் கீழே, ஏ என்ற எழுத்துக்கு ஒரு சாதாரண அடைவைக் கொடுத்து, வகை 'ஃபுளொப்பி' என்று குறிப்பிடுங்கள். நிரல் அதை நெகிழ்தட்டு என்றே நம்பும். பென் டிரைவை நேரடியாகக் கொடுப்பதிலும், வன்தட்டில் ஒரு அடைவைக் கொடுத்து அதிலிருந்து பென் டிரைவுக்குப் பிரதி எடுப்பதே நல்லது. சி டிரைவுக்கும் கணக்கு மென்பொருளின் அடைவை மட்டும் கொடுங்கள், வீட்டு அடைவு முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். உள்ளிருந்து கொடுக்கும் அழித்தல் கட்டளை வெளியேயுள்ள உண்மையான கோப்புகளையே அழிக்கும்.

முள்ளியவளை_கேர்னல் எழுதியது:

எல்லோரும் டொஸ்பொக்ஸையே சுற்றிக்கொண்டிருப்பதால் மாறுபட்ட கருத்தொன்றைச் சொல்ல விரும்புகிறேன். விவசாயிகளின் பணம் சம்பந்தப்பட்ட நிரலை விளையாட்டுக்காக எழுதிய ஒன்றில் ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. கியூஎமு என்னும் மெய்நிகர் கணினி மென்பொருளில் முழுக் கணினி ஒன்றையே உருவாக்கி, அதற்குள் ஃபிரீடொஸ் என்னும் இலவச டொஸ் நிறுவினால், நிரலுக்குக் கிடைப்பது உண்மையான டொஸ் இயங்குதளம். சீரியல் துறைக்கும் இணைத் துறைக்கும் கட்டளை வரியில் ஒவ்வொரு தெரிவு போதும். மாஸ்ரர் சொன்ன நிலையான பெயரை அங்கேயும் கொடுக்கலாம், வேகம் அங்கேயும் உள்ளிருக்கும் நிரல் கேட்டபடியே அமையும். மெய்நிகர் வட்டின் நிலைப்படத்தை எடுத்து வைத்தால், ஏதும் குழம்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். இணைத் துறையில் செருகும் உரிமப் பூட்டு உள்ள நிரல்களுக்கும், உண்மையான இணைத் துறை அட்டையுடன், இதுவே நம்பகமான வழி, யு.எஸ்.பி.க்கு மாற்றும் அச்சுப்பொறி வயரில் அத்தகைய பூட்டு வேலை செய்யாது.

வவுனியா_மாஸ்ரர் எழுதியது:

முள்ளியவளைத் தம்பியின் கவலையில் நியாயம் உண்டு. உரிமப் பூட்டு இருந்திருந்தால் நானும் கியூஎமுவையே சொல்லியிருப்பேன். ஆனால் இந்த ஆலையில் கணக்கைக் காப்பவர் கணினித் தொழில்நுட்பவியலாளர் அல்லர் என்பதையும் பார்க்க வேண்டும். கியூஎமுவில் கணக்குக் கோப்புகள் மெய்நிகர் வட்டுக்குள்ளே போய்விடும். டொஸ்பொக்ஸ்-எக்ஸில் அவை சாதாரண அடைவில், சாதாரண கோப்புகளாகக் கண்முன்னே இருக்கும். கணினி நாளை பழுதானால் எந்தப் பிள்ளையும் அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம். தாய்ப்பலகை போன பின்னரும் இந்தக் கணக்குகள் தப்பியது வன்தட்டிலிருந்து அப்படி எடுக்க முடிந்ததால்தானே. மேலும், வெறுமையாக இருக்கும்போதும் டொஸ் செயலியை விடாமல் சுழற்றும். அதைத் தணிக்க ஃபிரீடொஸுக்குள் தனிநிரல் போட வேண்டும். அறுவடைக்கு முன்னர் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்; சிறுபோகத்துக்கு முன்னர் ஓய்வாக முயன்று பார்க்கலாம்.

விசைப்பலகை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூல டொஸ்பொக்ஸில் கொன்ட்ரோலையும் எஃப்9ஐயும் சேர்த்து அழுத்தினால் எந்தக் கேள்வியும் இல்லாமல் முழுச் சாளரமும் மூடிவிடும். எழுதிக்கொண்டிருந்த பதிவு அரைகுறையாகப் போகும். கணக்கு நிரல்களில் எஃப் விசைகளைக் கண்டபடி பயன்படுத்துவோர் கட்டாயம் கொன்ட்ரோலுடன் எஃப்1 அழுத்தி வரும் விசைப் பொருத்தியில் அந்தச் சேர்க்கையை அகற்ற வேண்டும். டொஸ்பொக்ஸ்-எக்ஸில் குறுக்குவிசைகள் வேறாக இருப்பதால், அதன் பட்டியலையும் ஒருமுறை பார்த்து, உங்கள் நிரல் பயன்படுத்தும் விசைகளுடன் மோதுகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

பரந்தன்_ஆலைக்கணக்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டொஸ்பொக்ஸ்-எக்ஸுக்கு மாறிவிட்டேன். 'சைக்கிள்ஸ்' அளவை 20000 ஆக்கியதும் திரையும் காட்டியும் ஒன்றாக மாறுகின்றன. அச்சுப்பொறியைக் கப்ஸிலிருந்து நீக்கினேன். சீட்டு பழைய எழுத்திலேயே வருகிறது, 'அட்எஃப்எஃப்' தேவைப்படவில்லை. ஏ டிரைவும் சரி. கடைசியாக ஒரு கேள்வி மட்டும். லொறிகள் வரும் முன்னர் இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

வவுனியா_மாஸ்ரர் எழுதியது:

கணினியை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் தொடங்கி, முனையத்தைத் தொடாமல், வழக்கமாக வேலை செய்பவரையே நிரலைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்து, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது தராசு வயரைக் கழற்றிச் செருகுங்கள். பெயர் திரும்பி வரும், ஆனால் டொஸ்பொக்ஸ்-எக்ஸ் முன்னர் திறந்த துறையையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், நிரலிலிருந்து ஒழுங்காக வெளியேறி மீண்டும் திறக்க வேண்டும். இதைத் தராசில் நிற்பவருக்கும் பழக்கிவிடுங்கள். பின்னர் நிறை தெரிந்த நெல் மூடைகளை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் காட்டியில் உள்ள எண்ணையும் சீட்டில் விழுந்த எண்ணையும் ஒப்பிடுங்கள். எண் நிலைபெறுவதற்கு முன்னர் அவசரப்பட்டு அச்சு விசையை அழுத்தியும் பாருங்கள். நிரல் அதை மறுக்கிறதா, ஏற்றுக்கொள்கிறதா என்பதை அறுவடைக்கு முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

கணினிக்கும் காட்டிக்கும் ஒரே யு.பி.எஸ்ஸிலிருந்து மின்சாரம் கொடுங்கள். முற்றத்திலிருந்து வரும் நீண்ட சீரியல் கம்பி இடிமின்னல் காலத்தில் கணினிக்குள் மின்னழுத்தத்தைக் கொண்டுவரும் வழியாகிவிடும். ஒளிவழித் தனிமைப்படுத்தியுள்ள மாற்று வயர் கிடைத்தால் இப்போதுள்ளதை மாற்றிவிட்டு, யூடெவ் விதியில் உள்ள இரண்டு எண்களையும் புதிய வயருக்குரியவையாகத் திருத்துங்கள். பெயரை மாற்றாமல் விட்டால் டொஸ்பொக்ஸ்-எக்ஸ் கோப்பில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியிராது.